வாசிக்காமல் உருக்கிய மோதிரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று உங்கள் பேத்தி கயல் பிறந்த முப்பத்தோராம் நாள்; பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்தோம். சுண்டுவிரலில் நீங்கள் கண்மூடும்வரை போட்டிருந்த மோதிரத்தை உருக்கி, அவளுக்குக் காப்புச் செய்து போட்டேன். அம்மப்பாவின் தங்கம் பிள்ளையின் கையில் இருக்கட்டும் என்ற ஆசைதான்.

இன்று காலை, கயலின் பாஸ்போர்ட்டுக்காக என் பிறப்புச் சான்றிதழைத் தேடி உங்கள் ஃபைலைத் திறந்தேன். இங்கிலாந்தில் ஒரு அருங்காட்சியகத்திலிருந்து வந்த பழைய கடிதம் அதற்குள் இருந்தது. உங்கள் நண்பரின் விலாசத்துக்கு, நான் பிறக்குமுன் வந்தது.

அங்கே நீங்கள் கூலிவேலை செய்த கிழங்கு வயலில் எடுத்த இந்த மோதிரத்தைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறீர்கள். அது ஆங்கிலோ-சாக்சன் காலத்தது, ஆயிரம் வருடத்துக்கு மேல் பழையது, உட்புறம் வெட்டியிருப்பவை ரூன் என்ற அக்கால எழுத்துகள் என்று பதில் எழுதியிருக்கிறார்கள். 'நான் இன்னாளுடைய மோதிரம்' என்று அது சொல்கிறதாம். அந்தப் பெண்ணின் பெயர் மட்டும் படத்தில் தெளிவில்லை, நேரில் கொண்டுவந்தால் வாசித்துவிடலாம் என்று கேட்டிருக்கிறார்கள்.

ஏன் போகவில்லை? அம்மாவிடம் கேட்டேன்.

"வயலிலை எடுத்தது எண்டு மட்டும்தான் எனக்குத் தெரியும். அந்த நேரம் அவருக்கு விசா இல்லை பிள்ளை. எங்க போனாலும் பிடிச்சு அனுப்பிப்போடுவாங்கள் எண்ட பயம்."

சரி, அது அப்போது. பிறகு சிட்னி வந்தோம், குடியுரிமையும் கிடைத்தது. இத்தனை வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டோமே, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? எனக்கு உங்கள்மேல் கோபம் கோபமாக வருகிறது.

ஆனால் என்னை மட்டும் யார் மன்னிப்பது? இங்கே ஹரிஸ் பார்க்கில் நகை செய்பவர் கேட்டார்: "உள்ள ஏதோ எழுத்து மாதிரி இருக்குங்க, பாத்தீங்களா?"

"அது வேலையிலை விழுந்த கீறல். உருக்குங்கோ" என்றேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுப் பார்க்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை.

அம்மா சொல்கிறார்: "பொன் பொன்தானே. பிள்ளைக்குப் போட்டதைக் கழட்டாதை. ஒருத்தருக்கும் சொல்லவும் வேண்டாம்."

நான் இன்னும் கழற்றவில்லை. பிள்ளையைக் குளிப்பாட்டும்போது அந்தக் கையைப் பார்க்கவும் முடியவில்லை.

நாளைக்கு அந்த அருங்காட்சியகத்துக்கு எழுதுவேன் அப்பா, இது சத்தியம். நீங்கள் கண்டெடுத்ததையும் நான் உருக்கியதையும் ஒளிக்காமல் எழுதி, அடியில் என் முழுப்பெயரையும் இந்த வீட்டு விலாசத்தையும் போடுவேன். காப்பைக் கேட்டால் கழற்றிக் கொடுப்பேன். அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டால் எதைக் கொடுப்பேன்?

அவள் பெயரை அழித்துவிட்ட
உங்கள் மகள்,
மாலதி