படுத்திருந்த ஏழு போத்தல்கள்

அண்ணே,

இன்று மதியம் பங்களா சாப்பாட்டறையில் ஒரு சிவப்பு வைன் போத்தல் என் கையிலிருந்து நழுவி உடைந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் பல் இல்லாத ஈறு வலித்தது. நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது, இன்னும் உன் அடிக்குப் பயந்து கண்ணை மூடுகிறேன் பார்.

தோட்டத்துத் துரையின் பங்களா சுற்றுலாக்காரர் தங்கும் விடுதியாகி, நான் அங்கே பரிமாறும் வேலைக்குச் சேர்ந்தபோது இந்தப் போத்தல் பைத்தியம் பிடித்தது. ஊர் திரும்புகிறவர்கள் திறக்காமல் விட்டுப்போகும் வைன் போத்தல்களைக் கேட்டு வாங்கி வருவேன். குடிக்க இல்லை, சேர்த்து வைக்க. தக்கை காயாமலிருக்கப் படுக்கவைக்க வேண்டும், வருடக்கணக்கில் வைத்தால் ருசி கூடும் என்று ஒரு வெள்ளைக்காரர் சொல்லியிருந்தார். வைக்க வைக்க நல்லதாகும் பொருள் தோட்டத்து லயத்தில் நம் ஒற்றை அறைக் காம்பராவில் வேறு என்ன இருந்தது? ஏழு சேர்ந்தன. கட்டிலுக்கு அடியில் சாக்கு விரித்துப் படுக்கவைத்தேன். உன்னிடம் சொல்லவில்லை. அதுதான் நான் செய்த தப்பு.

நம் வீட்டில் கட்டிலுக்கு அடியில் போத்தல் படுத்திருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அப்பா குடித்து முடித்துவிட்டார், இனி அம்மாவை அடிப்பார். கசிப்பு என்ற அந்தக் கள்ளச்சாராயம் அவரைக் கொண்டுபோகும்வரை நாம் இரண்டு பேரும் அந்தக் காலிப் போத்தல்களோடுதானே ஒளிந்து கிடந்தோம்.

அன்று தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டு வந்தவன், வெட்டுக் கத்தியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளக் குனிந்தாய்.

"ஏழையும் குடிச்சிட்டியாடா நாயே?"

நான் வாய் திறப்பதற்குள் கத்தியின் பின்பக்கம் வாயில் விழுந்தது. முன்பல் போயிற்று. பிறகு போத்தல்களை இழுத்துப் போட்டு வெட்டினாய். முதல் போத்தலிலிருந்து வைன் கொட்டியபோதே அவை காலி இல்லை என்று தெரிந்திருக்கும், ஆனால் உன் கை நிற்கவில்லை. நீ அப்பாவைத்தான் வெட்டிக்கொண்டிருந்தாய் என்று இப்போது நினைக்கிறேன். வைன் வாசல்வரை ஓடியது. அம்மா அதை ரத்தம் என்று நினைத்து, "கொன்னுட்டானே, எம்புள்ளய கொன்னுட்டானே" என்று கத்தினாள். லயமே கூடிவிட்டது.

ஆறாவது உடைந்தபோது எனக்கும் வெறி ஏறியது. கிடந்த ஒரு கண்ணாடிக் கழுத்தை எடுத்து உன் தோளில் இறக்கி இழுத்தேன். சதை பிளந்தது. அப்போதுதான் நின்றாய். உருண்டு கிடந்த ஏழாவதை எடுத்துத் தக்கையைத் தடவிப் பார்த்தாய்.

"தொறக்கவே இல்லையேடா."

"தொறக்குறதுக்கு இல்லண்ணே" என்றேன், ரத்தத்தைத் துப்பிக்கொண்டு.

மன்னிப்பெல்லாம் கேட்க உனக்கு வராது. அடுத்த வாரம், பிடுங்கிப் போட்ட தேயிலைக் கட்டைகளை அறுத்து, பன்னிரண்டு போத்தல் படுக்க ஒரு தட்டு அடித்து வந்தாய். "கட்டிலுக்கு அடியில மட்டும் வைக்காத. என் கை சும்மா இருக்காது" என்றாய்.

அந்த வருடமே தேயிலை மலையில் குளவிக் கூடு கலைந்து உன்னை மொய்த்தது. ஆஸ்பத்திரியில் துணியை விலக்கியபோது முகம் என்று ஒன்று இல்லை. "இது எம்புள்ள இல்ல, வேற யாரோ" என்று அம்மா திரும்பி நடந்தாள். நான்தான் தோளைத் திருப்பிப் பார்த்தேன். நான் கிழித்த தழும்பு இருந்தது.

"அண்ணன்தாம்மா" என்றேன்.

தட்டில் இப்போது பதினொரு போத்தல். உன் கத்திக்குத் தப்பியது முதலில் படுத்திருக்கிறது. அதன் மேல் உன் கையிலிருந்து பட்ட ரத்தம் கறுத்துக் காய்ந்திருக்கிறது, துடைக்கவில்லை. போன தீபாவளிக்கு என் மச்சினன் அதைக் கையில் எடுத்து, "தொறப்போமா மாமா?" என்றான். அடுத்த நொடி அவன் தொண்டை என் பிடியில் இருந்தது. அவன் முகத்தில் நான் கண்ட பயம், சின்ன வயதில் கட்டிலுக்கு அடியில் ஒளிந்தபோது உன் முகத்தில் கண்ட அதே பயம். விட்டுவிட்டேன்.

அப்பாவின் கை உனக்கு வந்தது. உனக்குப் பிறகு எனக்கு வந்திருக்கிறது அண்ணே. அந்தக் கையால்தான் தினமும் உன் போத்தலைத் தூசி தட்டுகிறேன், மெதுவாக.