துவைக்கப் போட்ட கொடி

முலேந்தா கரை,
நகாட்டா பே,
ஜூலை 21.

என் கண்ணு லுசுங்குவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இந்தக் காகிதம் உன் கைக்கு வரும் நேரத்தில் நீ சாப்பிட்டு, தூங்கி, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று கர்த்தரை வேண்டிக்கொண்டு ஆரம்பிக்கிறேன். நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் அது பொய், இருக்கிறேன், இரண்டு வேளை சாப்பிடுகிறேன், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தப் போகிறேன், அவ்வளவுதான். மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கி ஊறப்போட்டாயிற்று, உன் சித்தப்பா வில்பெட் வந்து கூரையின் தெற்குப் பக்கத்தைச் சரிசெய்து கொடுத்தான், கறுப்புக் கோழி ஒன்பது குஞ்சு பொரித்ததில் ஏழு தங்கியிருக்கிறது. கேப் டவுனில் இப்போது மழைக்காலம் என்று தெரியும், பஸ்ஸுக்கு நிற்கும்போது தலையை மூடிக்கொள், உனக்குச் சின்ன வயதிலிருந்தே காதுவலி உண்டு. விசா காகிதம் புதுப்பிக்கக் கொடுத்திருந்ததால் அப்பாவின் அடக்கத்துக்கு உன்னால் வர முடியாமல் போனதைப் பற்றி இங்கே யாரும் ஒரு வார்த்தை தவறாகப் பேசவில்லை, அதை நினைத்து நீ அழ வேண்டாம்.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன். அடக்கம் முடிந்த மறுநாள் நீ போனில் அழுதுகொண்டே ஒன்று சொன்னாய், நினைவிருக்கிறதா, "அப்பாவுக்குத் திமிரும்மா. நீ கொடி ஏத்தியிருப்ப, அவர் பாத்தும் பாக்காத மாதிரி போயிருப்பார். என்னிக்கு உன் பேச்சக் கேட்டார்?" என்றாய். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது மகளே. அன்று வாயை மூடிக்கொண்டதற்குத்தான் இந்தக் கடிதம். பாதி உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் என்னால் சொல்லி முடிக்க முடியும்.

பதினாறு வருஷமாய்ப் பள்ளிக்கூட மைதானத்து வேலிக்குள் இருக்கும் அந்த வெள்ளைப் பெட்டியைக் காலை எட்டு மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் நான் திறந்து பார்த்துவருகிறேன். உலர்ந்த குமிழ், ஈரத்துணி சுற்றிய குமிழ் என்று இரண்டு வெப்பமானியின் சூட்டையும் குறிப்பேன், மழைமானியில் தண்ணீர் இருந்தால் அளப்பேன், வானத்தை எட்டுப் பங்காக்கி எத்தனை பங்கு மேகம், என்ன மேகம் என்று நோட்டில் எழுதுவேன், தலைநகரத்து வானிலை அலுவலகத்துக்குப் போனில் சொல்வேன். டிசம்பரில் வரும் கார்திரள் மேகத்தைச் சொல்ல நான் தேவையில்லை, அது மலைமேல் மலை வைத்ததுபோல் எழுந்து இடித்துச் சொல்லிவிட்டுத்தான் வரும். முவேரா அப்படி இல்லை. அந்தத் தென்கிழக்குக் காற்று பளீரென்ற வெயிலில் வந்து அடிக்கும். வருவதற்கு முன் அழுத்தமானியின் முள் ஏறும், தெற்கே குன்றின் தலையில் தொப்பிபோல் ஒரு மேகம் உட்காரும், கிழிந்த பஞ்சுபோல் சின்னச் சின்ன மேகங்கள் தாழ்வாக ஓடும். வேறு அடையாளம் கிடையாது. அதனால்தான் ஐந்து வருஷத்துக்கு முன் உன் அப்பா காட்டுக்குப் போய் மரம் வெட்டி வந்து ஏரிக்கரையில் கம்பம் நட்டார், காற்று வரும் என்று எனக்குத் தோன்றினால் சிவப்புக் கொடி ஏற்றுவது, கொடி இருந்தால் தோணி இறங்குவதில்லை என்று பேச்சு. "காத்து எங்க வீட்டு அம்மாகிட்ட உத்தரவு வாங்கிட்டுத்தான் வரும்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இந்த ஜூனில் இரண்டு தடவை என் கணக்குத் தப்பிவிட்டது. முதல் தடவை கொடி ஏற்றின அன்று துணி உலர்த்துகிற அளவுக்குக் காற்று வந்தது, இரண்டாம் தடவை அதுவும் இல்லை, ஏரி எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. பதினான்கு தோணியும் இரண்டு நாள் கரையில். பெரிய வலைக்காரன் மாக்சன் எல்லோர் முன்னாலும், "டீச்சர், உங்க பொட்டிக்குள்ளதான் காத்தடிக்குது போல, ஏரிப்பக்கம் ஒண்ணையும் காணோமே!" என்றான். உன் அப்பாவின் தோணியில் கூடப் போகும் யோபேயின் பெண்டாட்டி தெலீனா, "இன்னிக்குக் கொடியத்தான் கொழம்பு வெக்கணும், சட்டியில போட வேற ஒண்ணுமில்ல" என்றாள். கரையே சிரித்தது. உன் அப்பாவும் சிரித்தார். வீட்டுக்கு வந்து அவருக்கு முன்னால் கிழங்குக் களியை வைத்தேன். அவராகவே, "சிரிச்சா சிரிச்சுட்டுப் போறானுங்க விடு. நாலு தடவ தப்பினாலும் அஞ்சாவது தடவயும் ஏத்து" என்றார். "நீங்களுந்தான் சிரிச்சீங்க" என்றேன். அவர் கிண்ணத்தை வழித்துக்கொண்டே இருந்தார். நான் விடவில்லை, நான்கு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். அவரோடு கழித்த கடைசி நான்கு நாளை அப்படிக் கழித்தேன்.

ஜூலை மூன்றாம் தேதி, புதன்கிழமை. எட்டு மணிக்குப் பெட்டியைத் திறந்தேன். முந்தின நாளைவிட அழுத்தமானியில் நாலு கோடு ஏறியிருந்தது, அவ்வளவு ஏறி இந்த வருஷத்தில் நான் பார்க்கவில்லை. குன்றின்மேல் தொப்பி. எட்டில் இரண்டு பங்கு மேகம், கிழிந்த மேகம், தெற்கிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. நோட்டில் எல்லாம் சரியாக எழுதினேன், கடைசிக் கட்டத்தில் "நண்பகலுக்குள் முவேரா வரக்கூடும்" என்றுகூட எழுதினேன். கொடியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கரைக்குப் போனேன். கம்பத்தடியில் ஏழெட்டுப் பேர் வலை கோத்துக்கொண்டு இருந்தார்கள். மாக்சன் என்னைப் பார்த்ததும் வேலையை நிறுத்திவிட்டு, "என்ன டீச்சர், இன்னிக்கும் லீவு விடப் போறீங்களா?" என்றான். எல்லோரும் தலை நிமிர்ந்து பார்த்தார்கள், இன்னும் யாரும் சிரிக்கவில்லை, சிரிக்கக் காத்திருந்தார்கள். என் வாயில் வந்தது என்ன தெரியுமா, "இல்லப்பா, அழுக்கா இருக்கு, துவைக்க எடுத்துட்டுப் போறேன்." உன் அப்பா பத்தடி தள்ளித் தோணியில் வலையை ஏற்றிக்கொண்டிருந்தார், அவருக்கும் கேட்டது. என்னைப் பார்த்தார், ஏதோ கேட்க வந்ததுபோல் இருந்தது. நான் திரும்பி நடந்துவிட்டேன். சொன்ன பொய் பொய்யாக இருக்கக் கூடாது என்று வீட்டுக்குப் போய்க் கொடியைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு வகுப்புக்குப் போனேன்.

பதினொன்றரைக்கு வகுப்பு ஜன்னல்கள் ஒரே அடியில் அடித்துச் சாத்திக்கொண்டன. பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். நான் வீட்டுக்கு ஓடினேன், ஏன் வீட்டுக்கு ஓடினேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை, வாளியிலிருந்து அந்த ஈரக் கொடியை எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடினேன். தோணிகள் ஒவ்வொன்றாய் அலையில் ஏறி இறங்கி வந்துகொண்டிருந்தன, பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கயிறு கட்ட வரவில்லை. மாக்சன் கயிற்றை வாங்கி அவனே ஏற்றினான். தண்ணீர் சொட்டச் சொட்டக் கொடி கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது, காற்றில் காய்ந்த பிறகுதான் பறந்தது. பதின்மூன்று தோணி வந்தது. அப்பாவின் வலைதான் எல்லோருடையதையும்விடத் தூரத்தில் போட்டிருந்தது. மாலையில் யோபே கவிழ்ந்த தோணியைப் பிடித்துக்கொண்டு வடக்கே கரை ஒதுங்கினான், வெள்ளிக்கிழமை பாறைப் பக்கத்தில் அப்பா கிடைத்தார். பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணாடிக் குண்டு வெயிலைச் சேர்த்து அட்டையில் சுட்டுக் கோடு போடுமே, அன்றைய அட்டையை நான் எடுத்துப் பார்த்தேன், காலையிலிருந்து மாலைவரை அந்தக் கோடு ஓரிடத்தில்கூட அறுபடவில்லை.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை யோபேயைப் பார்க்கப் போனேன், கைத்தோல் உரிந்து படுத்திருந்தான். கடைசியில் என்ன நடந்தது என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றான், பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். தெற்கே தண்ணீர் கறுத்து வருவதை முதலில் பார்த்தவன் அவன்தானாம், "அண்ணே, திரும்பிடலாம், எனக்கு இது சரியாப் படல" என்றானாம். அப்பா எழுந்து நின்று நெற்றியில் கை வைத்துக் கரையைப் பார்த்தாராம். "கம்பத்துல ஒண்ணுமில்லடா. எட்டு மணிக்கே அவ பாத்திருப்பா. அவ கொடி ஏத்தலன்னா காத்து வராது. இன்னும் ரெண்டு வலைதானே, இழுத்துட்டுப் போயிடலாம்" என்றாராம். அந்த இரண்டாவது வலை பாதி ஏறியபோது காற்று வந்துவிட்டது.

லுசுங்கு, உன் அப்பா கேட்காமல் போகவில்லை. நான் சொல்லவில்லை.

யோபேயைப் பார்த்த அதே வாரம் தலைநகரத்திலிருந்து அலுவலகத்துப் பெரியவர் ஒருவர் போன் செய்தார், துக்கம் விசாரித்துவிட்டு, "மூணாம் தேதி உங்க குறிப்பு அப்படியே பலிச்சிருக்கும்மா, இவ்வளவு சரியா யாருமே எழுதல" என்றார், நல்ல மனதோடுதான் சொன்னார். காகிதத்துக்கு உண்மையைச் சொன்னேன், தண்ணீரில் இறங்கினவர்களுக்குச் சொல்லவில்லை. பதினான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் எழுந்து நின்று எல்லாவற்றையும் சபைக்கு முன்னால் சொன்னேன், எட்டு மணிக்கே எனக்குத் தெரியும், சிரிப்பார்கள் என்று பயந்தேன் என்றேன். தெலீனா மட்டும், "துவைக்கறதுக்கு உனக்கு வேற நாளே கெடைக்கலையா? என் புருஷன் பாதி உசுரா வந்து கெடக்கான்" என்று கத்தினாள், அவள் கத்தியது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. மாக்சன் வெளியே போய்ச் சுவரில் தலையை வைத்துக்கொண்டு நின்றான், அவனை நான் குற்றம் சொல்ல மாட்டேன், அவன் கேலிதான் செய்தான், காற்று வரும் என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

இதை உனக்கு எழுத வேண்டாம் என்று வில்பெட் சித்தப்பா இரண்டு நாள் என்னோடு சண்டை போட்டான். "அண்ணி, புள்ள தூரத்துல ஒத்தையில கெடக்கு. அப்பாவும் போயாச்சு, அம்மாவையும் எதுக்குப் பறிக்கறீங்க?" என்றான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அப்பாவின் படத்தை நீ சுவரிலிருந்து கழற்றிப் பெட்டிக்குள் போட்டுவிட்டாய் என்று உன்னோடு தங்கியிருக்கும் பெண் அவள் அம்மாவுக்குச் சொல்லி, அது என் காதுக்கும் வந்தது. அதைக் கேட்ட பிறகு என்னால் இருக்க முடியவில்லை.

கொடியை நான் விடவில்லை. அதற்குப் பிறகு ஒரு தடவை ஏற்றினேன், காற்று வரவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. தோணியை மேலே இழுத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனார்கள், அவர்கள் சிரித்திருக்கலாம் என்று இருந்தது.

இந்தக் கடிதத்தை யோபேயின் மச்சான் ஜோகன்னஸ்பர்க் போகும் பஸ்ஸில் கொண்டுபோய் அங்கிருந்து தபாலில் போடுவான். படித்தவுடன் போன் செய்யாதே, கோபம் ஆறும்வரை எடுத்துக்கொள், ஆறாவிட்டாலும் நான் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். ராத்திரி வேலை கேட்டால் ஒத்துக்கொள்ளாதே, ஒழுங்காகச் சாப்பிடு, உன்னைப் பெற்று வளர்த்த இரண்டு பேரின் ஆசியும் உன்மேல் இருக்கிறது, ஒருவர் மேலிருந்து தருகிறார், ஒருத்தி தரையிலிருந்து தருகிறாள், கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். ஒன்றே ஒன்றை மறக்காதே. அப்பாவின் படத்தை எடுத்துத் துடைத்து மறுபடியும் மாட்டு. இறக்க வேண்டியது என் படமாக இருந்தால் இறக்கிக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா,
எஸ்னாத் லொங்வே.