துண்டுக்குள் வராத கை

திருச்சிராப்பள்ளி,
12-2-1938

மகன் பரக்கத் அலிக்கு அத்தா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வுடைய கிருபையால் அம்மாவும் நானும் மூச்சோடு இருக்கிறோம், பினாங்கில் நீயும் மருமகளும் பேத்தி ஹாஜிராவும் சுகமாயிருக்க துஆ செய்கிறோம். மூச்சோடு என்று சும்மா எழுதவில்லை, கழுத்தில் ஓட்டை போட்டு வெள்ளிக் குழாய் வைத்திருக்கிறது, அது வழியாகத்தான் மூச்சு, பேச்சு அடியோடு போய்விட்டது. மூக்கில் வந்த கட்டி தொண்டைக்குள் இறங்கி அடைத்துக்கொண்டதாம். டாக்டர் சதையில் துளி வெட்டிப் பார்த்து, குஷ்டமும் இல்லை புற்றும் இல்லை, ஸ்கிளிரோமா என்று லட்சத்தில் ஒருத்தருக்கு வருகிற நோய், கைபட்டால் ஒட்டாது என்று கடுதாசியே எழுதிக் கொடுத்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு புதன்கிழமை மணப்பாறை சந்தைக்குப் போனேன். மாட்டுத் தரகனுக்கு வாய் எதற்கு, துண்டுக்குள்ளே விரலைப் பிடித்து விலை பேசுகிற தொழில்தானே என்று நம்பிப் போனேன் பாரு, என் புத்தியைச் சொல்லணும். என் விரலைப் பிடித்தே தொழில் கற்ற கியாசுதீன், நான் துண்டை நீட்டினதும் இரண்டு கையையும் கக்கத்தில் சொருகிக்கொண்டு, வாயால சொல்லுங்க மாமு என்கிறான். கழுத்தில் குழாயோடு நிற்கிறவனிடம் கேட்கிற கேள்வி. கோமாரி கண்ட மாட்டு வாய்க்குள்ளே கையை விட்டுப் பல் பார்க்கிறவன், என் விரலுக்குப் பயப்படுகிறான். கடுதாசியைக் காட்டினால் எட்டி நின்று பார்த்துவிட்டு டாக்டருக்கு என்ன தெரியும் என்றான், பெரிய மேதை. முசிறி பிச்சைமுத்து ஒருவர்தான் கையை விட்டார், அவரும் பேரம் முடிந்ததும் தொட்டியில் முழங்கை வரை கழுவினார், அந்தத் தண்ணீரை அவர் வாங்கின காளைதான் குடித்தது.

அவர்களை விடு. நீ அடுத்த மாதக் கப்பலில் வருகிறாயாம், பக்கத்திலிருக்கிற காட்டூரில் மாமனார் வீட்டில்தான் தங்குவாயாம், நம் வீட்டுக் கொசு குழந்தைக்கு ஆகாதாம். காட்டூர்க் கொசு பினாங்குப் பிள்ளையைக் கடிக்காது போலிருக்கு. கியாசுதீனாவது கக்கத்தைக் காட்டினான், நீ கொசுவைக் காட்டுகிறாய். அம்மா உன் கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் குழாயைக் கழுவப் போனாள். நாளுக்கு மூன்று தடவை வெறுங்கையால் கழுவுகிறாள், அவளுக்கு ஒன்றும் வரவில்லை. எனக்கு மனசு வலிக்கிறது, பெற்ற பிள்ளையிடம் மறைப்பானேன்.

டாக்டர் கடுதாசியை இதோடு வைத்திருக்கிறேன், சந்தையில் காட்ட இனி எனக்கு அது வேண்டாம். உனக்கு இங்கிலீஷ் தெரியும், தைரியமாகத் தொட்டுப் படி. அம்மாவின் மூட்டுவலிக்குத் தைலம் மறக்காதே. உங்கள் மூவருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளைக் கொடுப்பானாக. படித்த பிறகும் காட்டூர்தான் என்றால் தங்கிக்கொள். ஹாஜிராவை மட்டும் ஒரு தடவை வாசலுக்குக் கொண்டுவா. துண்டை நீட்டுகிறேன், அவள் கையை உள்ளே விடட்டும், ஐந்து விரலையும் பிடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தா
சேக் மைதீன்