தலைகீழ் ஆக்சில்

கொல்லம் 1128, இடவம் 17

மழை. மூன்றாம் நாள். துவைத்த வேட்டி காயவில்லை. உடுத்தியிருப்பதும்.

அத்தானின் கார் இன்று மறுபடியும் செத்தது. என் கணக்கில் நாற்பத்தோராவது மரணம். தக்கலைச் சந்தி நடுவில், எலும்பு நொறுங்குகிற சத்தத்தோடு. பின்சக்கரங்களைக் கோக்கும் ஆக்சிலுக்குள் பல்சக்கரத்தில் பல் கிடையாதாம். எதிர்வீட்டுக் கிழவருக்கே இரண்டு மிச்சம் உண்டு.

அத்தான் ரோட்டிலேயே பிரசங்கம். "இது ராஜா ஏறவேண்டிய வண்டியாக்கும் மாப்ளே!" ராஜா ஏறியிருந்தால் சமஸ்தானம் அன்றைக்கே முடிந்திருக்கும்.

அக்காள் முகம்தான் சரியில்லை. மகள் தங்கத்துக்கு இது மாதம். பேறுகாலத்துக்கு வந்திருக்கிறாள். போன பிள்ளை வீட்டிலேயே பிறந்து வீட்டிலேயே போயிற்று. நெய்யூர் லேடி டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டாள், வலி கண்டதும் புறப்பட வேண்டும், ஒரு நாழிகை தாமதம் கூடாது என்று. அதற்கு இந்தச் சவக்காரைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

வெற்றிலை தீர்ந்தது. வாங்க வேண்டும்.

இடவம் 18

சாரல். தொண்டைக் கட்டு.

கார் மராமத்து பார்க்கிற மரியதாசன் மேஸ்திரி கீரிப்பாறையிலிருந்து ஒரு ஆக்சில் கொண்டுவந்தான். சண்டைக் காலத்தில் அமெரிக்கன் விட்டுப்போன பட்டாள லாரியுடையது. எஸ்டேட்டில் ரப்பர் சுமந்து ஓய்ந்த லாரி. காரும் லாரியும் ஒரே கம்பெனி.

"ஒரே வயித்துப் பிள்ளையளாக்கும் முதலாளி. அண்ணனுக்க காலு தம்பிக்குச் சேராதா?"

அத்தானுக்கு ஆனந்தம். நான் முழம் போட்டுப் பார்த்தேன். அண்ணன் கால் அகலம். சக்கரம் இரண்டும் மட்கார்டுக்கு வெளியே நிற்கும், யானைக் காது மாதிரி.

அத்தான் சாப்பிடப் போனதும் மேஸ்திரி என்னிடம் மெதுவாக: "அண்ணாச்சி, அந்த லாரியில ஸ்டீயரிங்கு இடப்பக்கம். நம்ம காருல வலப்பக்கம். ஆக்சில் போடுகதுல ஏதாவது வித்தியாசம் உண்டுமா?"

முகத்தைத் திவான் மாதிரி வைத்துக்கொண்டேன். "பின்ன இல்லாம? அமெரிக்கா பூமிக்கு அந்தப் பக்கம்லா. அவனுக்கு மேல, நமக்குக் கீழ. குப்புறத் திருப்பிப் போட்டாத்தான் நம்ம ரோட்டுக்குச் சரியாவும்."

யோசித்தான். தலையாட்டினான். சிரிப்பை அடக்க இரண்டு வெற்றிலை சேர்த்துப் போட்டேன். பதினெட்டு வருஷமாக ஸ்பானர் பிடிக்கிறவன்! அந்த ஸ்பானருக்கு அவனைவிட மூளை உண்டு.

இடவம் 20

தொண்டை தேவலை. இரண்டு நாள் மேஸ்திரியின் ஷெட் பக்கம் போகவில்லை.

சாயங்காலம் வெள்ளோட்டம். அத்தான் மாலை போட்டார், காருக்கு. மேஸ்திரி முதல் கியர் போட்டான். கார் பின்னால் பாய்ந்து டீக்கடைப் பழக்குலையை இடித்தது. இரண்டாவது கியர், இன்னும் வேகமாகப் பின்னால். மூன்றாவது போட விடவில்லை. ரிவர்ஸ் போட்டால் முன்னே நகர்கிறது, நோன்புக்கஞ்சி குடித்தவன் நடை.

டீக்கடைக்காரன்: "முதலாளி, இது போற வண்டியா, வாற வண்டியா?"

ஊரே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே அடியில் குனிந்து பார்த்தேன். ஆக்சிலில் எண்ணெய் ஊற்றும் துளை கீழே, தரையைப் பார்த்து.

திருப்பித்தான் போட்டிருக்கிறான். நான் சொன்னபடி. அதுதான் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. ஸ்பிரிங் இருக்கும் இடத்தை வெட்டி, நாகர்கோவில் வெல்டிங்காரனைக் கொண்டு மறுபக்கம் ஒட்டி, இரண்டு நாள் அடியில் மல்லாந்து கிடந்து.

சிரிப்பு நின்றது. மறுபடி திருப்ப அதே ஒட்டுகிற ஆள் இன்னொரு தரம் வர வேண்டும். மூன்று நாள் கழித்துத்தான் வருவானாம்.

தங்கத்துக்கு இன்னும் பத்து நாள் உண்டு என்கிறாள் அக்காள். பத்து நாள் உண்டு.

இடவம் 21

விடியக் காலம் வலி.

ஊரில் வேறு கார் இரண்டு. ஒன்று திருவனந்தபுரத்தில், ஒன்று கல்யாண வீட்டில். முதல் பஸ் ஏழரைக்கு. காளைவண்டி என்றால் தங்கம் தாங்கமாட்டாள்.

மேஸ்திரிதான் சொன்னான். "முன்னால போனா ஒரு கியரு. பின்னால போனா மூணு. நாம பின்னால போவோம் அண்ணாச்சி."

அக்காளும் தங்கமும் பின்சீட்டில். அத்தான் முன்னால், வாயில் பேச்சு இல்லாமல், நான் பிறந்தது முதல் கண்டிராத அதிசயம். மேஸ்திரி கதவைத் திறந்து கழுத்தைத் திருகிக்கொண்டு ஸ்டீயரிங்கில். நான் டிக்கி மேல் உட்கார்ந்து, ரோட்டைப் பார்த்து, வழி சொல்ல.

"வலம்!" என்றேன்.

"உங்க வலமா எனக்க வலமா அண்ணாச்சி?"

கார் குளக்கரையில் ஒரு சக்கரம் இறங்கி ஏறிற்று. அதன்பிறகு பக்கம் சொல்வதை விட்டேன். "குளம்!" என்றால் குளத்தை விட்டு விலகு. "பனை!" என்றால் பனையை விட்டு.

வழியில்:
– இரணியலில் சைக்கிள்காரர், எங்களுக்கு வழிவிட்டு ஓடையில்.
– ஒரு பசு. அசையவில்லை. நாங்கள்தான் வளைந்தோம்.
– மீன்காரிகள் நான்குபேர். "ஏட்டி பாத்தியா, இவனுவ வந்த வழியப் பாத்துக்கிட்டே போறானுவ!"

என் கழுத்து வழியாக இறங்கிய மழையைத் திருப்பிவிட்டிருந்தால் பேச்சிப்பாறை அணை ஒரு முழம் ஏறியிருக்கும். உள்ளே தங்கம் "மாமா, இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டாள். மூன்றுமுறை. மூன்றுமுறையும் "இந்தா வந்தாச்சு மக்கா" என்றேன். இரண்டுமுறை பொய்.

இடவம் 22

மழை விட்டு வெறித்தது.

ஆண் பிள்ளை. நேற்றுப் பகல். கால்களை முன்னே நீட்டிக்கொண்டு வந்தானாம், தலை கடைசி. லேடி டாக்டர் பாடுபட்டு எடுத்தாள். கால் மணி பிந்தியிருந்தால் இரண்டு உயிரும் இல்லை என்றாளாம். இப்போது அழுகிறான், தாலுகா முழுக்கக் கேட்கிற மாதிரி. தங்கம் கஞ்சி குடித்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் அத்தானுக்குப் பேச்சு திரும்பிவிட்டது. மேஸ்திரியைப் பிடித்து உலுக்கினார். "சொல்லுலே! அதக் குப்புறப் போட எவன்லே சொன்னது?"

மரியதாசன் என்னைப் பார்க்கவில்லை. கழுத்து ஒரு பக்கமாகவே நின்றுவிட்டது அவனுக்கு, எண்ணெய் போட்டும்.

"ஒருத்தரும் சொல்லல முதலாளி. எனக்க புத்திக்குறைவு."

நான் வெற்றிலை மென்றுகொண்டிருந்தேன். மென்றுகொண்டே இருந்தேன்.

நாளை காலை ஒட்டுகிற ஆள் வருகிறான். ஆக்சில் இறக்க அடியில் இரண்டுபேர் மல்லாக்கக் கிடக்க வேண்டும். மேஸ்திரிக்குக் கழுத்து ஆகாது. அவன் இடத்தில் நான்.

ஏழு மணி. ஷெட். பழைய வேட்டி. போனதும் முதலில் அத்தானிடம் சொல்ல வேண்டும், குப்புறப் போடச் சொன்னது நான்தான் என்று.