அந்த முடிவுரை உங்களுடையது இல்லை என்றேன்

என் பாசத்துக்குரிய அருளண்ணே,

நீங்கள் போன பிறகு நடந்ததை உங்களிடம் சொல்லாமல் எனக்கு ஆறவில்லை. ஊரும் படிக்கட்டும் என்றுதான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

கண்மாய்களை விவசாயிகளே நிர்வகிக்க வேண்டும் என்று பல நாட்டு அரசாங்கங்களுக்குக் கொள்கை வகுத்துக் கொடுக்கும் பன்னாட்டு நிறுவனம் அது. அந்தக் கொள்கை நம் பக்கம் பலித்ததா என்று வெளியாட்களாக இருந்து மதிப்பிட நம்மை அழைத்தது. கல்லூரியில் புள்ளியியல் நடத்திய நீங்களும் பொருளியல் நடத்தும் நானும் ஒப்புக்கொண்டோம்.

திருவாதவூர்ப் பக்கம் வெயிலில் அலைந்தோம். தலைமடையில் வாய்க்கால் சீராகியிருந்தது. அதையும் மறைக்காமல் எழுதினோம். ஆனால் அவர்களுடைய வெளியீடுகளில் பளபளத்த கண்மாய்ச் சங்கம், வெளிநாட்டு விருந்தினர் வரும் நாளில் மட்டும்தான் கூடியது. தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் நிலம் வைத்திருக்கும் பேச்சியம்மாவிடம் கேட்டோம். “சங்கமா? போட்டோ எடுக்கையில தூரத்துல நின்னு பாத்தேன். நம்மளை யாரு கூப்பிட்டா?” என்றார்.

‘இந்தக் கொள்கை கடைமடையைக் கைவிட்டது’ என்று முடிவுரையில் எழுதினீர்கள். அந்த ஒரு வரிக்காக அவர்களுடைய ஒருங்கிணைப்பாளர் திருநகரில் உங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“சார், ‘கைவிட்டது’ன்னு வேணாமே. ‘மேம்பட வாய்ப்பிருக்கு’ன்னு போடுங்க. அடுத்த வேலையும் உங்களுக்குத்தான்.”

நீங்கள் சிரித்தீர்கள். “நல்லாயிருக்குன்னு சொல்ல உங்ககிட்டயே ஆள் இருக்காகளே தம்பி. எங்களை எதுக்குக் கூப்பிட்டீக?”

சில நாளில் மாரடைப்பு. அவ்வளவு அவசரம் ஏன் அண்ணே?

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கலைவதற்குள் அந்த ஒருங்கிணைப்பாளர் என்னிடம் திருத்திய அறிக்கையைக் கொடுத்தார். முதல் பக்கத்தில் உங்கள் படம், கீழே ‘அன்னாரின் நினைவுக்கு’. கடைசிப் பக்கத்தில் உங்கள் வரி இல்லை. “சாருக்கு நாங்க பண்ற மரியாதை மேடம்” என்றார். இறந்தவர் எழுந்து வந்து மறுக்கமாட்டார் என்ற தைரியம். கையெழுத்துப் போட மறுத்தேன்.

அறிக்கையைப் பரிசீலிக்க மதுரையில் ஒரு ஓட்டலில் கூட்டம். வெளிநாட்டிலிருந்து நிறுவனத்தின் நிர்வாகக் குழுவினர் வந்திருந்தார்கள். ஸ்டெல்லா மதினியும் என்னுடன் வந்தார். ஒருங்கிணைப்பாளர் சுருக்கத்தை வாசித்து முடித்ததும் எழுந்தேன்.

“இந்த முடிவுரை அருள்ராஜ் எழுதுனது இல்லை. அவர் எழுதுனதைப் போடுங்க. இல்லைன்னா அவர் படத்தை எடுங்க. ரெண்டு பேர் பேரையும் எடுங்க.”

“மேடம் துக்கத்துல பேசுறாங்க” என்றார் அவர், எல்லோரையும் பார்த்து.

அப்போது மதினி எழுந்தார். “துக்கம் எனக்குத்தான். எனக்கே புத்தி தெளிவாத்தான் இருக்கு. என் வீட்டுக்காரர் சொல்லாததை அவர் சொன்னதாப் போடாதீக.” பள்ளிக்கூட வாத்தியாரம்மா அல்லவா? அதையே ஆங்கிலத்திலும் திருப்பிச் சொன்னார், ஒரு சொல் குறையாமல். குழுவில் ஒரு அம்மாள் நம் மூல அறிக்கையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வென்றோமா? தெரியவில்லை. நம் அறிக்கையை அவர்கள் அச்சிடவில்லை. அவர்களுடையதையும் அச்சிடவில்லை. மதிப்பீட்டு வேலைக்கு இப்போது என்னை யாரும் கூப்பிடுவதில்லை. ‘சண்டைக்காரி’ என்று பெயர். “உனக்கு ஏன் இந்த வம்பு?” என்று எங்கள் சௌராஷ்டிர பாஷையில் அம்மா தினமும் கேட்கிறாள். வம்புதான். இருக்கட்டும்.

மக்களிடம் கேட்டதை மக்களிடமே சொல்ல வேண்டும் என்று வேலைக்கு ஒப்புக்கொண்டபோதே நிபந்தனை போட்டீர்களே, அதை நிறைவேற்றினேன். நாம் எழுதியதைத் தமிழில் திருவாதவூரில் வாசித்தேன். தலைமடைக்காரர்கள் சத்தம் போட்டார்கள், கடைமடைக்காரர்கள் அதைவிடச் சத்தம் போட்டார்கள். அந்தச் சண்டையின் முடிவில் பேச்சியம்மா சங்கத்தில் இடம் வாங்கினார்.

அதே நிறுவனம் இப்போது புதுத் திட்டத்தோடு வருகிறது. தொடக்க விழாவுக்கு நமக்கு அழைப்பு இல்லை. “கூப்பிடலைன்னா என்ன, வாரேன்” என்று மதினி புடவையை எடுத்து வைத்துவிட்டார். பேச்சியம்மாவும் வருகிறார். வாசலில் நிறுத்தினால் வாசலில் நின்று கேட்போம்: இந்தத் தடவை உங்களை மதிப்பிடப்போவது யார்? பதில் வரும்வரை நகரமாட்டோம் அண்ணே, இது சத்தியம்.

உங்கள் கூடப்பிறக்காத தங்கச்சி,
பானுமதி