மிளகாயோடு காய்ந்த லென்ஸ்

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
மே மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகள் நூரீனுக்கு, அம்மா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் இங்கே சுகம், உன் சுகத்துக்குத் தொழுகைக்குத் தொழுகை துஆ செய்கிறேன். வாராவாரம் முகம் பார்த்துப் பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று நீ யோசிப்பாய். போனில் இதைச் சொல்ல முடியாது கண்ணு. நீ கூப்பிட்டதும் உன் அத்தா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார், நான் வாயைத் திறப்பதற்குள் எல்லாவற்றையும் அவரே பேசி முடித்துவிடுகிறார். இந்தக் கடிதம் எழுதுவது அவருக்குத் தெரியாது. ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருக்கிறார், வருவதற்குள் முடித்து உன் தம்பி தல்ஹாவிடம் கொடுத்துவிட வேண்டும். அவன் தபாலில் சேர்ப்பானா அல்லது பெயிண்ட் கடைக் கல்லாவில் போட்டு மறந்துவிடுவானா என்பது வேறு கவலை.

முதலில் உன் லென்ஸ் சங்கதி. உன்னோடு வேலை செய்கிற சரிதா பொங்கல் லீவில் கடலூருக்கு வந்தபோது அதைத் துணியில் சுற்றி நம் வீட்டில் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தப் பெண்ணுக்கு லீவு கிடைக்கிறது, உனக்கு மட்டும் கிடைப்பதில்லை என்று அன்றைக்கே எனக்குக் கோபம்தான், அவளுக்கு முன்னால் காட்டிக்கொள்ளாமல் சேமியா பாயசம் கொடுத்து அனுப்பினேன். நார்வேக்காரப் பெரியவர் ஒருவர் வீட்டுச் சாமானை விற்றபோது நீ வாங்கிய பழைய ஜப்பான் காமிராவின் லென்ஸ் இது, கண்ணாடி வார்க்கும்போதே தோரியம் என்று ஏதோ கலந்திருப்பதால் வருஷக்கணக்கில் இருட்டில் கிடந்தால் மஞ்சளாகிவிடும், நல்ல வெயில் பட்டால் தெளிந்துவிடும், நார்வேயின் வடகோடியில் இருக்கும் எங்கள் ஊரில் இந்தக் குளிர்காலத்தில் சூரியனே கிடையாது, நம் மாடியில் கொஞ்சம் காயவைத்துத் தாருங்கள் என்று எழுதியிருந்தாய். அதில் கொஞ்சம் கதிர்வீச்சு உண்டு, தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கக்கூடாது என்று வேறு. டக்குமார் என்று அதற்குப் பெயராம், நம் தெருக்கோடியில் டயர் கடை வைத்திருப்பவர் பெயர் மாதிரி இருக்கிறது.

உன் அத்தாவுக்கு லென்ஸ் என்றால் சாப்பாடு வேண்டாம். கூட்டாளி சுப்பிரமணியனும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். சுப்பிரமணியனுடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து திரும்பியபோது கொண்டுவந்த செம்ஃப்ளெக்ஸ் காமிராவும், உன் அத்தா கல்யாணத்துக்கு முன்னால் பர்மா பஜாரில் வாங்கிய யாஷிகாவும் நம் கூடத்து மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து எத்தனை சண்டை பார்த்திருக்கின்றன. பிரெஞ்சு லென்ஸில் முகம் பூப்போல விழும் என்று அவர், அது பூ இல்லை மங்கல், என் யாஷிகாவில் புருவமுடியை எண்ணலாம் என்று இவர். இரண்டுக்குள்ளும் நாலு கண்ணாடிதானாம், ஒரு ஜெர்மன்காரன் நூறு வருஷத்துக்கு முன்னால் போட்ட கணக்கைப் பார்த்துத்தான் பிரெஞ்சுக்காரனும் ஜப்பான்காரனும் செய்தார்களாம். அதற்கும் முந்தியது மூன்று கண்ணாடி, அதில் நடுவில் கூர்மையாக இருக்கும், ஓரம் கரைந்துவிடும். உலக யுத்தத்தின்போதுதான் கண்ணாடிமேல் பூச்சுப் பூசும் வித்தை நன்றாகப் பிடிபட்டதாம், அதற்குப் பிறகு வெயிலுக்கு எதிரே நின்று எடுத்தாலும் படம் வெளுத்துப் போகாமல் வந்தது. உன் டக்குமாரோ இன்னும் ஒரு படி மேல், வெளிச்சத்தை அள்ளி உள்ளே விடும், கண்ணிமை தெளிவாக விழும், காதுக்குப் பின்னால் எல்லாம் பஞ்சாகிவிடும் என்றார் உன் அத்தா. இவர்கள் இருவருக்கும் டீ போட்டுக் கொடுத்தே நான் இதையெல்லாம் கற்றுக்கொண்டேன், பரீட்சை வைத்தால் பாஸ் செய்துவிடுவேன்.

ஆனால் சரிதா கொண்டுவந்த அன்று நடந்ததைக் கேள். உன் அத்தா ஒரு வெள்ளைத் தாளை விரித்து அதன்மேல் லென்ஸைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, இதுல எங்க மஞ்சள் இருக்கு, பளிங்கு மாதிரி இருக்கு, அந்த ஊர் இருட்டுல பொண்ணுக்கு ஏதோ தோணியிருக்கு என்றார். நான் எட்டிப் பார்த்தால் வடித்துவைத்த டீ மாதிரி இருக்கிறது. விளையாடுகிறார் என்று நினைத்தேன். சாயங்காலம் சுப்பிரமணியன் வந்து பார்த்துவிட்டு, யோவ் கஃபாரு, டிகாஷன் நெறத்துல இருக்குதுய்யா என்றார், அவ்வளவுதான், பெரிய வாக்குவாதம். நீங்கள் ரெண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு என்னை ஏய்க்கிறீர்கள் என்று உன் அத்தா கோபித்துக்கொண்டு, சும்மா வெயிலில் போட்டு நல்ல லென்ஸைப் பாழாக்க வேண்டாம் என்று கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். நீ போனில் கேட்டபோதும் சுத்தமாக இருக்கிறது மா என்றுதான் சொன்னார். முப்பது வருஷம் பெயிண்ட் விற்ற மனுஷர், நிறத்தில் அவரை மிஞ்சி நான் எப்படிப் பேசுவது.

ஆனால் எனக்கு ராத்தூக்கம் போய்விட்டது நூரீன். ஒன்றொன்றாக நினைத்துப் பார்த்தேன். போன வருஷம் முழுக்கக் கடையில் ஐவரி என்கிற வெளிர்மஞ்சள் கேட்டவர்களுக்கு வெள்ளையும் வெள்ளை கேட்டவர்களுக்கு ஐவரியும் போய், திட்டெல்லாம் தல்ஹா வாங்கினான். ஜும்ஆவுக்கு மஞ்சள் ஏறிய பழைய சட்டையையே எடுத்துப் போட்டுக்கொள்வார், பீரோவில் புதுச்சட்டை அப்படியே கிடக்கும், கஞ்சத்தனம் என்று நான் வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறேன். அது வெள்ளைச் சட்டை என்றுதான் பாவம் போட்டிருக்கிறார். தல்ஹாவும் நானுமாகப் பிடிவாதம் பிடித்துக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனோம். இரண்டு கண்ணிலும் புரை, கண்ணுக்குள் இருக்கிற லென்ஸே பழுத்து மஞ்சளாகிவிட்டது, அதனால்தான் வெளியே இருக்கிற மஞ்சள் இவருக்குத் தெரியவில்லை என்று அந்த டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார். இவர் சும்மா இருந்தாரா, புதுசாக வைக்கப்போகிற லென்ஸ் எந்த நாட்டுச் சரக்கு, உள்ளே எத்தனை கண்ணாடி, பூச்சு உண்டா என்று ஆரம்பித்துவிட்டார். ஒரே ஒரு துண்டு பிளாஸ்டிக் ஐயா, மடித்து உள்ளே விட்டால் தானே விரிந்துகொள்ளும் என்று அந்தம்மா சொன்னதும் இவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. பிளாஸ்டிக் லென்ஸ் வைத்த காமிராவைப் பொம்மை என்று ஆயுசு முழுக்கக் கேலி செய்தவர் அல்லவா.

நோன்புப் பெருநாள் கழிந்து வலது கண்ணில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அதெல்லாம் நீ போனில் கேட்டதுதான். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அலமாரியைத் திறந்து உன் லென்ஸை எடுத்தார். வெள்ளைத் தாளை விரித்து இடது கண்ணை மூடிப் பார்த்தார், வலது கண்ணை மூடிப் பார்த்தார், மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, புள்ள சரியாத்தான் சொல்லியிருக்கா ஹாஜிரா, நான்தான் இல்லன்னுட்டேன் என்றார். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து, ஒனக்கு இவ்ளோ நரைச்சிப் போச்சா என்றார். நரைத்து நாளாகிறது, நீங்கள் இப்போதுதான் பார்க்கிறீர்கள் என்றேன். உன்னைப் போனில் பார்த்துவிட்டு, புள்ள கண்ணுக்குக் கீழ ஏன் இப்படிக் கறுத்திருக்கு, நீ ஏன் சொல்லல என்று என்மேல் பாய்ந்தார். நான் அதைப் போன வருஷமே பார்த்தேன் நூரீன். உன்னிடம் கேட்டால் லைட் சரியில்லை என்கிறாய்.

மறுவாரமே லென்ஸ் மாடிக்குப் போனது. முதல் நாள் நான் புத்திசாலித்தனமாக மிளகாய் காய்கிற பாயிலேயே இரண்டு செங்கல்லை இடைவெளி விட்டு வைத்து, அதன்மேல் லென்ஸை நிறுத்திவிட்டு வந்துவிட்டேன். வெயிலைத் திரட்டிக் கீழே இறக்கும் என்று யாருக்குத் தெரியும், சற்று நேரத்தில் பாயில் ஓட்டை விழுந்து மிளகாய் கருகி, நெடி தாங்காமல் தெருவே இருமியது. பக்கத்து வீட்டு சுலோசனா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து யாருக்குத் திருஷ்டி கழிக்கிறீர்கள் என்று கேட்டாள். அதன்பிறகு உன் அத்தா பொறுப்பை எடுத்துக்கொண்டார். தட்டில் அலுமினியத் தாளை விரித்து லென்ஸைச் சாய்த்துப் படுக்கவைத்து, நிழல் நகர நகரத் திருப்பிவைத்துக்கொண்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருப்பார். கத்திரி வெயில் யாருக்கு உதவியதோ இல்லையோ அதற்கு உதவிவிட்டது, இப்போது வெள்ளைத் தாளுக்கும் லென்ஸுக்கும் வித்தியாசமே இல்லை. தெளிந்ததும் கூரியரில் போட்டுவிடுங்கள் என்று நீ சொன்னாய். வெயில் வேண்டுமென்று லென்ஸை மட்டும் அனுப்பினாயே, நீ வந்திருக்கக்கூடாதா என்று ஒவ்வொரு நாளும் அதை எடுத்து உள்ளே வைக்கும்போது நினைப்பேன். நீ போய் நாலு வருஷமாகிறது, நீ ஆராய்ச்சி செய்கிற மீன் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் கிடைக்காதா என்று கேட்டால் சிரிக்கிறாய்.

இனிமேல்தான் நான் எழுத உட்கார்ந்த விஷயம். இடது கண்ணுக்கு ஆபரேஷன் ஆகிவிட்டது என்று உன்னிடம் சொல்லியிருக்கிறார் இல்லையா, ஆகவில்லை. டாக்டரம்மா கொடுத்த நாளில் போகமாட்டேன் என்றார், வேறு நாள் கொடுத்தார்கள், அதற்கும் போகவில்லை. புரை முற்றிக்கொண்டே போகிறது, ரொம்பக் கெட்டிப்பட்டுவிட்டால் எடுப்பது சிரமம், கண்ணுக்கே ஆபத்தாகலாம் என்று அந்தம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். ஒரு கண் தெளிவு, ஒரு கண் மங்கல் என்பதால் இவருக்குப் படி தட்டுப்படுவதில்லை, போன வாரம் மாடியிலிருந்து இறங்கும்போது கடைசிப் படியில் தவறி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார், லென்ஸை மட்டும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தார். சுப்பிரமணியன் வந்து எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், நடக்கவில்லை. பயமா என்றால் பயமில்லை என்கிறார். நேற்று நான் அழுதுவிட்டேன், காரணத்தைச் சொல்லாமல் இன்றைக்கு நான் சாப்பிடப்போவதில்லை என்று உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் சொன்னார். இந்தப் புதுக்கண்ணு அவள போன்லதான் பாத்திருக்கு ஹாஜிரா. ஏர்போர்ட்டுல கண்ணாடிக்கு அந்தாண்ட போயிட்டு திரும்பிப் பாத்து கையக் காட்டுனாளே, அத பாத்த கண்ணு இது ஒண்ணுதான் மிச்சம். இதையும் எடுத்துட்டா அவள நேர்ல பாத்ததுன்னு எங்கிட்ட என்னா இருக்கு. அவ வந்து ஒருதரம் எதுர நிக்கட்டும், பாத்துட்டு எடுத்துக்கச் சொல்றேன் என்றார். கண்ணுக்குள்ளே படம் தங்காது, அது ஒன்றும் ஃபிலிம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவருக்கா அது தெரியாது. வேலைல இருக்கிற புள்ளைய இதுக்குன்னு இழுக்காத, அவளா வரும்போது வரட்டும் என்று என்னிடம் வாக்கும் வாங்கிக்கொண்டார். போனில் சொல்லமாட்டேன் என்றுதான் வாக்குக் கொடுத்தேன், எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை.

அதனால் லென்ஸைக் கூரியரில் அனுப்பமாட்டேன் நூரீன். உங்கள் ஊரில் இப்போது சூரியன் மறைவதே இல்லை என்கிறாய், அந்த வெளிச்சத்தில் லென்ஸ் இல்லாத காமிராவை வைத்துக்கொண்டு என்ன செய்வாய். காமிராவை எடுத்துக்கொண்டு வா. இரண்டு ரோல் ஃபிலிமும் கொண்டுவா, இங்கே அந்த அளவு கிடைப்பதில்லை என்று சுப்பிரமணியன் சொல்கிறார். வந்து இவர் எதிரே நில், அடுத்த நாளே ஆஸ்பத்திரிக்கு நானே இழுத்துக்கொண்டு போகிறேன். உன் மேலதிகாரி லீவு தரவில்லை என்றால் அத்தாவின் கண் என்று சொல், அதில் ஒரு பொய்யும் இல்லை. எனக்கும் உன்னைப் பார்க்க வேண்டும், என் கண்ணில் புரை இல்லை என்பதால் எனக்கு ஆசையும் இல்லை என்று நினைத்துவிடாதே.

ரொட்டியை மட்டும் தின்றுவிட்டுப் படுக்காதே. வைட்டமின் மாத்திரையை விடாதே. அல்லாஹ் உன் உடம்புக்கு சுகத்தையும் உன் வழிக்கு லேசையும் தரட்டும், உன் கையால் தொடுகிற காரியமெல்லாம் நல்லபடியாக முடியட்டும். தெருமுனையில் இவர் குரல் கேட்கிறது, முடிக்கிறேன்.

ஒன்று மட்டும் நினைவில் வை. நீ பேசும்போது இவர் ஆபரேஷன் ஆன வலது கண்ணைக் கையால் பொத்திக்கொள்கிறார், போன தடவை தலைவலியா அத்தா என்று கேட்டாய், ஆமாம் என்றார். தலைவலி இல்லை. இனிமேல் பொத்திக்கொண்டால் ஒன்றும் கேட்காதே, போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அசையாமல் இரு.

உன்னை எதிர்பார்த்திருக்கும் அம்மா,
ஹாஜிரா