உயிர் இருக்கிறது, அசைவு இல்லை

12 ஆகஸ்ட் 1985, திங்கள்

இன்றும் எல்லாம் செத்துக் கிடந்தன. மூன்றாவது முறை.

திருமழிசையில் பஸ் ஏறி, பூந்தமல்லியில் மாறி, நான் வேலை செய்கிற அம்பத்தூர் லேபுக்கு வந்து சேர ஒரு மணி இருபது நிமிஷம். இவருடைய விந்து இருந்த குப்பியை இடுப்பில் சேலைக்குள் செருகி, சூடு ஆறாமல் கொண்டுவந்தேன். மற்றவர்கள் வருமுன் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூட நகரவில்லை. பதிவேட்டில் "துலுக்கானம், வயது 37" என்று எழுதினேன். இவர் பெயரை, வேதமுத்து என்று, என் கையாலேயே எழுத மனம் வரவில்லை.

பஸ்தான் கொன்றிருக்கும். வேறென்ன?

15 ஆகஸ்ட்

வேளாங்கண்ணியில் இன்னொரு தொட்டில் கட்டச் சொல்கிறார் மாமியார். என்னைத்தான். கல்யாணமாகி ஒன்பது வருஷம், குறை எப்போதும் என் வயிற்றில்தான். தலையாட்டி வைத்தேன்.

1 செப்டம்பர், ஞாயிறு

கடைசியில் இவரே லேபுக்கு வந்தார். ஆம்பளை அங்கெல்லாம் வருவானா என்று இத்தனை நாள் முறுக்கிக்கொண்டு இருந்தவர். பூசை முடிந்து நேராக வந்தோம், சாவி என்னிடம் இருந்தது. குப்பி என் கைக்கு வந்த பத்தாவது நிமிஷம் கண்ணாடியில் வைத்துவிட்டேன்.

அசையவில்லை. இந்த முறை பஸ்மேல் பழி போட முடியாது.

அப்புறம்தான் சாயம் ஒரு சொட்டு விட்டேன். செத்தது சாயத்தைக் குடித்துச் சிவக்கும், உயிருள்ளது வெள்ளையாகவே இருக்கும். முக்கால்வாசி வெள்ளை! பன்னிரண்டு வருஷமாக ஊரார் எல்லாருக்கும் இந்தச் சோதனையைச் செய்கிறவள், கட்டின புருஷனுக்கு மூன்று முறையும் செய்யவில்லை. பஸ் என்று முதலிலேயே முடிவு கட்டிவிட்டேனே. வெட்கமாக இருக்கிறது.

வாசலில் இருமிக்கொண்டே கேட்டார். "இன்னா ரோஸி, உயிரு கீதா?"

"இருக்கு. ஆனா அசையல."

முதல் பாதிதான் அவர் காதில் விழுந்தது. பூந்தமல்லியில் எனக்கு ஒரு முழம் பூ வாங்கிக் கொடுத்தார். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்.

20 நவம்பர்

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் தாட்சாயிணியைப் பார்த்தோம். நான் விந்தணுவைப் பற்றிச் சொன்னால், அவர் இவருடைய சளியைப் பற்றிக் கேட்கிறார். பிறந்ததிலிருந்தா? மூக்கு எப்போதும் அடைத்திருக்குமா? ஆமாம், டி.பி. என்று இரண்டு தடவை மாத்திரை தின்றிருக்கிறார் என்றேன். கிருமி கண்டார்களா என்று கேட்டார். இல்லை. ஒரு தடவையும் இல்லை.

எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் படம் எடுக்க வேண்டுமாம். மாதக்கணக்கில் ஆகும்.

6 மார்ச் 1986

படத்தைப் பார்த்தேன். வாலைக் குறுக்கே அறுத்த துண்டு. வட்டமாக ஒன்பது ஜோடிக் குழாய்கள், நடுவில் இரண்டு. எவ்வளவு ஒழுங்கு! தினம் பார்க்கிற அந்த வாலுக்குள் இது இருப்பது எனக்குத் தெரியாது.

டாக்டர் இன்னொருவர் படத்தைப் பக்கத்தில் வைத்தார். அதில் ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் இரண்டு சின்னக் கைகள் நீண்டிருந்தன. டைனீன் என்ற புரதம். அந்தக் கை அடுத்த ஜோடியைப் பிடித்துத் தள்ளும், குழாய்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும், வால் வளையும். இவருடைய படத்தில் கையே இல்லை. செல் அதைச் செய்யவே இல்லையா, செய்தும் அதன் இடத்தில் போய்ப் பொருந்தவில்லையா, அது இன்னும் யாருக்கும் தெரியாதாம். மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளுகிற மயிர்களும் இதே அமைப்புதான். அதனால்தான் அந்த இருமல்.

மருந்து? இல்லை. நுரையீரலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். குழந்தை? அதற்கும் இப்போதைக்கு வழி இல்லை என்றார்.

7 மார்ச்

சொல்லிவிட்டேன். லேத் ஓட்டுகிறவர், ஒரு தாளில் ஒன்பது வட்டம் போட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஷினு மொத்தமும் மாட்டிட்டு பெல்ட்டை வுட்டுட்டான்" என்றார்.

9 மார்ச்

குழம்பு அடிபிடித்தது. அடுப்பு முன்னாலேயே உட்கார்ந்து அழுதேன்.

2 ஏப்ரல்

குறை தன்னிடம்தான் என்று மாமியாரிடம் இவரே சொன்னார். அவர் நம்பவில்லை, நான் சொல்லிக்கொடுத்துப் பேச வைக்கிறேனாம். பிறகு இவர் என்னிடம், நீ வேற யாரையாச்சும் கட்டிக்கோ என்றார். சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். எனக்குக் குழந்தை வேண்டும்தான், வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்? ஆனால் அது இவர் ஜாடையில் வேண்டும்.

18 ஜூன் 1991

வேலையை விட்டுவிட்டார். லேத் பட்டறை இருக்கிற எஸ்டேட் வரை நடக்க மூச்சு இல்லை. காலையில் அவரைக் குப்புறப் படுக்கவைத்து முதுகில் தட்டுகிறேன். மயிர்கள் செய்யவேண்டிய வேலையை என் கை செய்கிறது. அரைக் கிண்ணம் சளி வந்தது.

3 செப்டம்பர் 1995

மாதத் தூரம் அடியோடு நின்று ஏழு மாதம். நாற்பத்து நாலு வயதுதான், கொஞ்சம் சீக்கிரம். இவரிடம் இன்றுதான் சொன்னேன். உம் என்றார்.

9 அக்டோபர் 1995

பத்து மணிக்கு லேபில் பேப்பர் படித்தேன். ஐந்தாம் பக்கம். ஒரே ஒரு விந்தணுவை ஊசியில் எடுத்து நேராக முட்டைக்குள் வைத்துவிடுகிறார்களாம். நம் நாட்டிலும் வந்துவிட்டதாம். நீந்த வேண்டாம், வால் அசைய வேண்டாம். உயிர் இருந்தால் போதும்.

நாலு முறை படித்தேன். பிறகு சிறுநீர்க் குப்பிகளை வரிசையாக எடுத்து வைத்து வேலை பார்த்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், நாங்கள் வாங்குவதும் அதே பேப்பர்தான். ஐந்தாம் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. பிளேடால் நேராக அறுத்திருந்தது. என்ன இது என்றேன்.

"பூரான் ஒன்னு வந்துச்சி. பேப்பரைக் கிழிச்சி எடுத்து அடிச்சேன்."

சரி என்றேன். பூரான் பெரிசா என்றும் கேட்டேன். பெரிசுதான் என்றார். மிச்சம் இருந்த பேப்பரைப் படிக்க உட்கார்ந்தேன். அவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.